ஸ்டிக்கர் யாருடையது? ஆன்லைனில் மின்சாதனம் விற்பவர்களுக்கு ஈ-வேஸ்ட் விதிகள்

போன மாதம் காவேரிப்பட்டினத்துத் தம்பி ஒருவன் கைப்பேசியை நீட்டிக்கொண்டே மாடியேறி வந்தான். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் எனக்கு ஓர் அறை. ஜி.எஸ்.டி. தாக்கல், உத்யம் (சிறுதொழில்) பதிவு, வங்கிக் கடனுக்கு புராஜெக்ட் ரிப்போர்ட் என்று பிழைப்பு ஓடுகிறது. இவனுக்கு ஜி.எஸ்.டி. எண் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். ப்ளூடூத் ஸ்பீக்கரை ஆன்லைனில் விற்கத் திட்டம். விற்பனைத் தளத்தில் கணக்குத் திறந்து, படமெல்லாம் ஏற்றி, கடைசிப் பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, ஈ.பி.ஆர். நம்பர் போடுன்னு நிக்குது. இது எங்கண்ணா வாங்கறது, தாலுகா ஆபீஸா?"

கூடவே இன்னொரு குழப்பம். யூடியூபில் யாரோ அமெரிக்காவைப் பற்றிப் பேசியதைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பில்லிலும் 'மறுசுழற்சிக் கட்டணம்' என்று தனி வரி போட்டு வாடிக்கையாளரிடம் வசூலிக்க வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தான். "அதுக்கு எச்.எஸ்.என். கோடு என்னண்ணா?" என்று ஜி.எஸ்.டி. பில்லில் போடும் குறியீட்டை வேறு கேட்டான்.

ஈ.பி.ஆர். என்பது, சாதனம் பழசாகி மின்னணுக் கழிவாகும்போது (அதுதான் ஈ-வேஸ்ட்) யார் பொறுப்பு என்கிற விஷயம். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஓசூரிலிருந்து அரூர் வரை இப்போது வீட்டுக்கு ஒருவர் ஏதாவது ஒன்றை ஆன்லைனில் விற்கிறார்கள். சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, கொசு பேட் என்று பாதிப்பேர் விற்பது மின்சாதனம்தான்.

முதலில், இப்படி ஒரு கட்டணம் எதற்கு? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே நமக்குப் பழைய சாமான் வியாபாரம் தெரியும். இன்றைய எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் அதன் பேரன். அந்த வியாபாரம் நன்றாகவே நடந்தது, ஏனென்றால் இரும்புக்கு விலை உண்டு. மின்சாதனத்தில்தான் சிக்கல். அதில் பாதிக்கு விலை உண்டு, பாதிக்கு இல்லை. ஒயருக்குள் செம்பு இருக்கிறது, சர்க்யூட் போர்டில் துளி தங்கம் இருக்கிறது. அதை எடுக்க ஆள் வருவார்கள். செம்பு எடுக்க மேல்தோலை எரிப்பார்கள், தங்கம் எடுக்க அமிலத்தில் ஊறவைப்பார்கள். மிச்சமாகும் ஈயம், பாதரசம், கருகிய பிளாஸ்டிக் எல்லாம் ஏரிக்கரையில் கிடக்கும். விலையில்லாத அந்தப் பாதியை ஒழுங்காக அகற்றக் கூலி வேண்டும். அந்தக் கூலிதான் இந்தக் கட்டணம்.

2022-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுக்க 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் என்கிறது ஐ.நா. சார்பில் 2024-இல் வந்த அறிக்கை. மீதி எரிந்ததா, புதைந்ததா, பரணில் தூங்குகிறதா, யாருக்கும் கணக்கில்லை. எங்கள் வீட்டுப் பரணிலேயே மூன்று பழைய செட்டாப் பாக்ஸ் இருக்கிறது.

கூலி வேண்டும் என்பதில் எல்லா நாடும் ஒத்துப்போகிறது. யார், எப்போது கொடுப்பது என்பதில்தான் ஊருக்கு ஒரு வழக்கம்.

வாங்கும்போதே வாங்குபவரிடம் வசூலிப்பது ஒரு வழி. அந்தத் தம்பி யூடியூபில் பார்த்தது கலிபோர்னியாவின் இந்த முறையைத்தான். அங்கே 2003-இல் சட்டம் போட்டு, 2005 ஜனவரியிலிருந்து டி.வி., மானிட்டர், லேப்டாப் என்று நான்கு அங்குலத்துக்கு மேல் திரை உள்ள பொருட்களுக்குக் கடைக்காரர் கட்டணம் வாங்கி அரசுக்குக் கட்டுகிறார். அலைச்சலுக்காக அதில் 3 சதவீதத்தைத் தானே வைத்துக்கொள்ளலாம். கடை வேறு மாநிலத்தில் இருந்து ஆன்லைனில் விற்றாலும், சரக்கு கலிபோர்னியாவுக்குப் போனால் கட்டணம் உண்டு. 2026 ஜனவரியிலிருந்து, கழற்ற முடியாத பேட்டரி உள்ளே வைத்த பொருட்களுக்கும் இது வந்திருக்கிறது: விலையில் 1.5 சதவீதம், அதிகபட்சம் 15 டாலர்.

ஜப்பானில் தலைகீழ். 2001 முதல் அங்கே டி.வி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், ஏ.சி. நான்கையும் தூக்கிப் போடும்போதுதான் காசு. போடுகிறவரே கட்ட வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு சட்டம் வந்தால் ஃபிரிட்ஜெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகத் தென்பெண்ணை ஆற்றில் இறங்கிவிடும் என்பது என் தாழ்மையான கருத்து.

மூன்றாவது வழி, செய்தவன் தலையில் கட்டுவது. பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர் யாரோ, அது குப்பையாகும் நாளிலும் அவரே பொறுப்பு. ஐரோப்பாவிலும் அடிப்படை இதுதான். இந்தியா எடுத்துக்கொண்டதும் இதுதான். இதன் பெயர்தான் நீட்டிக்கப்பட்ட உற்பத்தியாளர் பொறுப்பு, சுருக்கமாக ஈ.பி.ஆர். ஆகவே நம் பில்லில் தனி வரி கிடையாது, தனி எச்.எஸ்.என். கோடும் கிடையாது. செலவு பொருளின் விலைக்குள்ளேயே கரைந்திருக்கிறது.

இந்தியாவில் முதல் ஈ-வேஸ்ட் விதிகள் 2011-இல் வந்தன, பிறகு 2016-இல் மாற்றினார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2022 நவம்பரில் வெளியாகி 2023 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த விதிகள். முன்பு 21 வகைப் பொருட்கள்தான் பட்டியலில், இப்போது 106. மின்விசிறி, அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், பேட்டரியில் ஓடும் பொம்மைக் கார் வரை உள்ளே வந்துவிட்டது. சோலார் பேனலும் உண்டு.

இனிதான் விஷயம். சட்டம் 'உற்பத்தியாளர்' என்று யாரைச் சொல்கிறது?

ஃபேக்டரி வைத்திருப்பவர் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அந்தத் தம்பியும் அப்படித்தான். "நான் எங்கண்ணா உற்பத்தி பண்றேன், வாங்கி விக்கறேன்" என்றான். எப்படி வாங்குகிறாய் என்று கேட்டேன். பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பெயர் போடாத ஸ்பீக்கரை மொத்தமாக எடுத்து, தன் கடைப் பெயரை ஸ்டிக்கராக ஒட்டி, அட்டைப் பெட்டியிலும் அதே பெயரை அச்சடித்து விற்பதாகத் திட்டம். ஸ்டிக்கர் ரோலைக் கூடவே கொண்டுவந்திருந்தான். பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது.

அந்த ஸ்டிக்கரை ஒட்டுகிற நொடியில் அவன் உற்பத்தியாளர் ஆகிவிடுகிறான்.

விதியில் உற்பத்தியாளர் என்பதற்குள் பல பேர் வருகிறார்கள். தானே செய்து தன் பிராண்டில் விற்பவர். பிறர் செய்ததைத் தன் பிராண்டில் விற்பவர். வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்து விற்பவர். விற்கும் வழி எதுவானாலும், டீலரோ சில்லறைக் கடையோ ஆன்லைனோ, இது பொருந்தும் என்று சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுக்காதவரும் உற்பத்தியாளராக முடியும் என்பது இதனால்தான்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைக்க மாங்கூழ் போதும். கிருஷ்ணகிரியைச் சுற்றியுள்ள ஆலை ஒன்று மாங்கூழைக் காய்ச்சி டின்னில் அடைக்கிறது என்று வையுங்கள். டின்மேல் வேறு ஒரு கம்பெனியின் பெயர். நாளைக்கு அந்த டின்னில் கோளாறு என்றால் வாங்கினவர் யாரைத் தேடுவார்? லேபிளில் பெயர் யாருடையதோ அவரைத்தான். மின்சாதனத்துக்கும் அதே நியாயம். ஒரே வித்தியாசம், மாங்கூழ் ஒரு வருடத்தில் தீர்ந்துவிடும். ஸ்பீக்கர் ஐந்து வருடம் கழித்துக் குப்பையாகத் திரும்பி வந்து உங்கள் பெயரைச் சொல்லும்.

அதே தம்பி, ஏற்கெனவே பெயருள்ள ஒரு கம்பெனியின் ஸ்பீக்கரை பில்லோடு வாங்கி, அந்தப் பெயரிலேயே விற்றால்? உற்பத்தியாளர் அவன் அல்ல, அந்தக் கம்பெனி. அவன் வெறும் விற்பனையாளர். தளம் எண் கேட்டால், கம்பெனி மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிந்து வைத்திருக்கும் ஈ.பி.ஆர். எண்ணை விநியோகஸ்தரிடம் கேட்டு வாங்கிக் கொடுக்கலாம். பதிவு நடப்பது வாரியத்தின் இணையதளத்தில். தாலுகா ஆபீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டுக்கும் நடுவே ஒரு வகை இருக்கிறது, அதில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ஸ்டிக்கரும் ஒட்டவில்லை, பெட்டியில் வேறு பெயரும் இல்லை, வாங்கியதற்கு பில்லும் இல்லை. அப்படிப்பட்ட சரக்கில், மேலே கைகாட்ட ஆளே இல்லை. சங்கிலியில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே ஆள் நீங்கள்தான். இறக்குமதிச் சரக்கு என்றால் பெட்டிமேல் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்று பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதி ஏற்கெனவே சொல்கிறது. வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெயர் இருந்தால் பொறுப்புக்கு ஒரு முகவரி இருக்கிறது. இல்லையென்றால், பத்து ரூபாய் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுக்காதீர்கள்.

சரி, ஸ்டிக்கரை ஒட்டியே தீருவேன் என்கிறவருக்கு என்ன செலவாகும்? இங்கேதான் எனக்கே ஒரு ஆச்சரியம்.

குப்பையை நீங்களே தேடிப் போய் அள்ள வேண்டியதில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலை பழைய சாதனங்களை உடைத்து, அதிலிருந்து தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு இவற்றை எடுக்கிறது. எடுத்த அளவுக்கு அதற்கு ஈ.பி.ஆர். சான்றிதழ்கள் உருவாகும். உங்கள் பங்குக்குத் தேவையான சான்றிதழை அந்த ஆலையிடம் விலைக்கு வாங்கி, இணையதளத்தில் கணக்கை நேர் செய்துவிட வேண்டும். ஒரு சான்றிதழுக்கு ஆயுள் 2 ஆண்டு. உங்கள் ஸ்பீக்கரே உடைய வேண்டும் என்றில்லை, யாருடைய ஸ்பீக்கராவது முறையாக உடைந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எவ்வளவுக்கு வாங்குவது? பழைய கம்பெனிகளுக்கு ஒரு கணக்கு. பொருளின் சராசரி ஆயுள் 8 ஆண்டு என்று வைத்தால், 8 ஆண்டுக்கு முன் விற்ற எடையில் ஒரு சதவீதம் இந்த ஆண்டின் இலக்கு. அந்தச் சதவீதம் 2023-24, 2024-25 இரண்டு ஆண்டுக்கும் 60, அடுத்த இரண்டு ஆண்டுக்கு 70, 2027-28 முதல் 80. புதிதாக இறங்கியவர்களுக்கு முன்கதை கிடையாதே. அதனால் 2 ஆண்டுக்கு முன் விற்ற எடையில் 20 சதவீதம் என்று இளக்கமாக வைத்திருக்கிறார்கள். விற்க ஆரம்பித்து பொருளின் ஆயுள்காலம் நிறைந்துவிட்டால் இவர்களும் பெரிய கணக்குக்கு மாற வேண்டியதுதான்.

அந்தத் தம்பிக்கு ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டினேன். ஸ்பீக்கர் அரைக் கிலோ. வருடம் 2,000 விற்றால் 1,000 கிலோ. இரண்டு வருடம் கழித்து இலக்கு 200 கிலோ. நுகர்வோர் மின்னணுப் பொருட்களுக்குக் கிலோ 22 ரூபாய்க்குக் குறைந்து சான்றிதழ் விற்கக் கூடாது என்று 2024-இல் அரசு அடிமட்ட விலை வைத்தது. (அது ரொம்ப அதிகம் என்று சில பெரிய கம்பெனிகள் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போயின.) அந்த விலையில் 200 கிலோவுக்கு 4,400 ரூபாய். ஒரு ஸ்பீக்கருக்கு 2 ரூபாய் 20 காசு. உலோகவாரியாகப் பிரித்துக் கணக்கிட்டால் கொஞ்சம் முன்னே பின்னே போகும். 80 சதவீதம் வந்தாலும் ஒன்றுக்கு 9 ரூபாயைத் தாண்டாது.

"இவ்ளோதானாண்ணா?" என்று முகம் மலர்ந்தது அவனுக்கு. காசு இவ்வளவுதான். காகிதம்தான் அதிகம். பதிவு, அதற்குக் கட்டணம், காலாண்டுக்கு ஒரு ரிட்டர்ன், ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன். பொருளில் ஈயம், பாதரசம், காட்மியம் போன்றவை வரம்பை மீறவில்லை என்பதும் உற்பத்தியாளர் பொறுப்பு. ஈயம் 0.1 சதவீதம், காட்மியம் 0.01 சதவீதம் தாண்டக் கூடாது. எஸ்.பி. ரோட்டில் எடுத்த ஸ்பீக்கருக்குள் எவ்வளவு ஈயம் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? இலக்கைத் தவறவிட்டால் சுற்றுச்சூழல் இழப்பீடு என்று தனியாக விதிப்பார்கள். அதைக் கட்டிவிட்டால் இலக்கு ரத்தாகிவிடும் என்றும் நினைக்கக் கூடாது. பாக்கி அடுத்த ஆண்டுக்கு நகரும்.

ஸ்பீக்கருக்குள் பேட்டரி இருக்கிறதே, அது இந்த விதியில் வராது. அதற்குத் தனியாக 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள். பொட்டலம் கட்டும் பிளாஸ்டிக் உறைக்கு 2016-ஆம் ஆண்டு பிளாஸ்டிக் கழிவு விதிகள். ஒரு ஸ்பீக்கர், மூன்று விதி. இதைச் சொன்னபோது அவன் முகம் மறுபடி சுருங்கியது.

சின்ன வியாபாரிக்கு விலக்கு இல்லையா என்றால், இருக்கிறது. குறுந்தொழில் நிறுவனங்களுக்கு ஈ-வேஸ்ட் விதிகள் பொருந்தாது என்று விதியிலேயே உண்டு. 2025 ஏப்ரலிலிருந்து முதலீடு இரண்டரைக் கோடிக்குள், விற்றுமுதல் 10 கோடிக்குள் இருந்தால் குறுந்தொழில். நம் மாவட்டத்தில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் அடங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு முடிச்சு. 2021-இல் சில்லறை, மொத்த வியாபாரிகளை உத்யமில் சேர்த்தபோது, வங்கிகளின் முன்னுரிமைக் கடனுக்கு மட்டும்தான் அந்தப் பதிவு செல்லும் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். பாகங்களை வாங்கி ஒரு ஷெட்டில் பொருத்தி விற்பவரின் உத்யம் சான்றிதழும், வாங்கி விற்பவரின் உத்யம் சான்றிதழும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். சட்டத்தின் முன் மதிப்பு வேறு. அதனால் வியாபாரப் பதிவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு 'எனக்கு விலக்கு' என்று நிம்மதியாக இருக்க வேண்டாம் என்பது என் ஆலோசனை. தளம் உத்யம் சான்றிதழை ஏற்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் சொன்னது பில்லாகாது.

ஸ்டிக்கர் ஒட்டாத வெறும் விற்பனையாளருக்கு ஒன்றுமே இல்லையா? இதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. விதியில் 'பெருநுகர்வோர்' என்று ஒரு வகை உண்டு. ஓர் ஆண்டில் ஏதாவது ஒரு சமயத்தில் பட்டியலிலுள்ள சாதனங்கள் குறைந்தது ஆயிரம் பயன்படுத்துகிற அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை போன்றவை. அந்த வரையறையின் கடைசியில், ஆன்லைன் விற்பனையாளரும் இதில் அடக்கம் என்று ஒரு வால் ஒட்டியிருக்கிறது. பெருநுகர்வோர் தன்னிடம் சேரும் மின்கழிவை, பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் இவர்களிடம் மட்டும்தான் ஒப்படைக்க வேண்டும்.

ஆன்லைனில் விற்றவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும். ரிட்டர்ன் சரக்கு. உடைந்தது, நனைந்தது, 'சத்தம் வரவில்லை' என்று திரும்பியது, பெட்டிக்குள் ஸ்பீக்கருக்குப் பதில் வேறு எதுவோ வந்தது என்று மூட்டை மூட்டையாக வந்து சேரும். வேலை செய்வதைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது முழுக்க மின்கழிவுதான். தெருமுனைப் பழைய சாமான் கடையில் கிலோ கணக்கில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போவதுதான் நடைமுறை. கையில் காசும் உடனே வரும். பதிவுபெற்ற ஆலைக்கு அனுப்பினால் எடைச்சீட்டு, ரசீது, வண்டிச் செலவு எல்லாம் உண்டு. 2022 ஜூலையில் மின்கழிவுக்கான ஜி.எஸ்.டி.யை 5-இலிருந்து 18 சதவீதமாக்கியது வேறு, ரசீதோடு விற்பவரைச் சோதிக்கிறது. வரி ஏய்ப்பைத் தடுக்கச் செய்த வேலை, சரக்கைப் பழைய சாமான் கடைப் பக்கமே தள்ளிவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம்.

பழைய சாமான் கடைக்காரர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லாவிட்டால் நம் தெருக்கள் எப்போதோ நிறைந்திருக்கும். ஆனால் ஒயரை எரிக்கிற கை அவர்களுடையது, இருமலும் அவர்களுடையது.

வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு வரி. சக்கரம் வைத்த குப்பைத்தொட்டியின் மேல் பெருக்கல் குறி போட்ட சின்னத்தைப் பெட்டியில் பார்த்திருப்பீர்கள். பஞ்சாயத்துக் குப்பை வண்டியில் போடாதே என்று அர்த்தம். பெரிய பிராண்டுகளின் இணையதளத்தில் பழைய பொருளைத் திரும்பப் பெற இலவசத் தொலைபேசி எண் இருக்கும், கூப்பிட்டுப் பாருங்கள். புதுசு கொண்டுவரும் டெலிவரிப் பையனிடம் பழைய கைப்பேசியை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதும் நல்ல வழிதான், சிம்மையும் படங்களையும் எடுத்துவிட்டால்.

தம்பி இப்போதைக்கு இரண்டு பிராண்டுகளின் விநியோகஸ்தரிடம் பில்லோடு சரக்கு எடுக்கிறான். ஈ.பி.ஆர். எண்களையும் வாங்கித் தளத்தில் ஏற்றியாகிவிட்டது. லாபம் ஸ்பீக்கருக்கு நாற்பது ரூபாய் குறைவு என்று வாரம் ஒருமுறை போன் செய்து புலம்புகிறான். ரிட்டர்ன் சரக்குக்கு அவன் வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு டிரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அவனுடைய ஸ்டிக்கர் ரோல் மட்டும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. "வெச்சிருங்கண்ணா, அடுத்த வருஷம் ஷெட்டு போட்டுட்டு வந்து வாங்கிக்கறேன்" என்று சொல்லியிருக்கிறான்.